குளிர வைக்காத கல்

வெள்ளிக்கிழமை பஜனைக்கு வரும் அக்காமார்களே, பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டே கைதட்டும் அண்ணன்மார்களே,

நான் எட்டாவதோடு படிப்பு நின்றவள். சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் பருப்புப்பொடிக் குறிப்பைத்தான் கொடுத்திருக்கிறேன். இந்த வருஷம் அது இல்லை. மகள் வீட்டு கராஜில் ஒரு வெள்ளைக்கார அம்மாவை உட்கார வைத்து நான் செய்வினை பண்ணுகிறேன் என்று நாம் குடியேறியிருக்கும் இந்த மான்மவுத் ஜங்ஷன் ஊர் முழுக்கப் பேச்சாக இருக்கிறது. மகளிடமே இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால் நானே எழுதுகிறேன்.

அது செய்வினை இல்லை, பிராது. என் அம்மா பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி. அங்கே ஒருத்தருக்கு அநியாயம் நடந்து, கேட்க நாதி இல்லை என்றால் அம்மனிடம் போய் வரமிளகாய் அரைப்பார்கள். அநியாயம் செய்தது யாரோ அவரை மனசில் வைத்து அம்மியில் அரைத்து, அந்த விழுதை அம்மன் கல்லில் பூசுவார்கள். அவளுக்கு எரியும். எரிச்சல் தாங்காமல் அவள் எழுந்து போய்ச் செய்தவனைக் கேட்பாள். கேட்டு முடித்ததும், அரைத்தவரே திரும்பி வந்து கல்லைக் கழுவி நல்லெண்ணெய் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும். வேறு யாரும் செய்யக் கூடாது.

எங்கள் கராஜில் அந்தக் கல் இரண்டு வருஷமாகச் சிவந்து நிற்கிறது. பக்கத்தில் எண்ணெய்ப் பாட்டில் வைத்திருக்கிறேன். ஊற்ற வேண்டியவள் ஊற்றவில்லை. "நீங்க சொன்னா கேப்பாங்க ஆன்ட்டி, மன்னிச்சு விட்டுடச் சொல்லுங்க" என்கிறீர்கள். நான் ஏன் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டுமானால், எனக்குப் பத்து வயசான ஒரு கோடைக்குப் போக வேண்டும்.

அப்பா அப்போது கடலூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில், வெளிநாட்டுக்காரர் மெஸ்ஸில் சமையல்காரர். மின்நிலையம் கட்டிக்கொடுக்க வந்தவர்களுக்குத் தனித் தெரு, தனி வீடுகள். அவர்கள் எல்லாருக்கும் எங்கள் வாயில் ஒரே பேர்தான், ரஷ்யாக்காரங்க. லீவு விட்டதும் டிபன் கேரியர் தூக்குகிற வேலை எனக்கு வந்தது. முதல் வீடு பெரிய இன்ஜினியருடையது. அவர் சம்சாரத்துக்கு ஒரு தங்கப் பல் உண்டு. சிரித்தால் வெயிலில் மின்னும். கடைசி வீடு ஒரு ஃபிட்டருடையது. அவர் சம்சாரத்தை நான் அத்தை என்று கூப்பிடுவேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக வந்தது.

அத்தைக்கு எங்கள் வெயில் ஆகவில்லை. கை முழுக்க வேர்க்குரு. சிமெண்டுத் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அதன் மேலேயே படுத்திருப்பாள். வீட்டுக்குள் வெங்காயமும் புளித்த மாவும் கலந்த வாடை. என் பங்குக்கு நீல எனாமல் குவளையில் சர்க்கரை போட்ட எலுமிச்சைத் தண்ணீர் இருக்கும். விளிம்பில் கறுப்பாகப் பெயர்ந்த அந்தக் குவளையை எனக்கே கொடுத்துவிட்டாள். எந்த வீடு மாறும்போது எங்கே தொலைத்தேன் என்று இன்றைக்கு வரை நினைவுக்கு வரவில்லை.

அவள் ரொட்டி தின்றால் மேஜையில் ஒரு தூள் மிஞ்சாது. விரல் நுனியை நாக்கில் தொட்டு ஒவ்வொரு தூளாக ஒற்றி எடுத்து வாயில் போடுவாள். கீழே சிந்திய சோற்றை அம்மா பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வது மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. ஒருநாள் நான் ரொட்டி ஓரத்தைக் கிள்ளி வெளியே காக்காய்க்குப் போட்டேன். அவள் அடிக்கவில்லை. என்னைத் தரையில் உட்கார வைத்து, காற்றில் கையால் மூன்று உயரம் காட்டினாள். இவ்வளவு, இவ்வளவு, இவ்வளவு. அப்புறம் அந்தக் கையை மூன்று தடவை தரையோடு வைத்து அழுத்தினாள். வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். விளையாட்டு என்று நினைத்து நானும் திருப்பிச் செய்தேன். அவளோடு பிறந்த மூன்று பேர் பட்டினியில் போனதை, பத்து வயசுக்காரிக்கு வேறு எப்படிச் சொல்வாள்?

இன்னொரு நாள் "ரஷ்யா அத்தை" என்று கூப்பிட்டேன். உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நிமிர்த்தி, மெதுவாக இரண்டு பக்கமும் ஆட்டினாள்.

"ரஷ்யா இல்லே. நான், உக்ரைனா."

ராத்திரிச் சாப்பாட்டில் அப்பாவிடம் கேட்டேன்.

"உக்ரைனான்னா என்னப்பா?"

"அது ரஷ்யாவுல ஒரு ஜில்லா. நாம தென்னார்க்காடு இல்ல, அந்த மாதிரி."

"அதுக்கு அத்தை ஏன் கோவிச்சுக்குது?"

"நம்மாளப் போய் வடார்க்காடுன்னு சொன்னா கோவம் வராது? தின்னுட்டுப் படு."

அப்பா எதையும் தெரியாது என்று சொல்ல மாட்டார். நானும் ஐம்பது வருஷத்துக்கு மேல் அதை ஒரு ஜில்லா என்றேதான் நம்பினேன். உங்களில் எத்தனை பேர் அப்படி நம்பவில்லை, சொல்லுங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்து நெற்றி நிறையக் குங்குமத்தோடு போனேன். அத்தை என் நெற்றியையே பார்த்தாள். கதவைத் தாழ் போட்டாள். பீரோவைத் திறந்து, பாச்சை உருண்டை வாசம் அடிக்கும் கம்பளிக் கோட்டுகளை ஒதுக்கினாள். பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகை. அதில் கைக்குழந்தையோடு ஒரு தாய். நாம் படத்துக்கு மாலை போடுகிற மாதிரி அதற்கு மேலே ஒரு வெள்ளைத் துண்டு, இரண்டு முனையிலும் சிவப்பும் கறுப்புமாகப் பூ வேலை. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு விழுந்து கும்பிட்டேன். எழுந்து பார்த்தால் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுகிறாள். பிறகு தன் விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். சாமி முன்னால் சத்தம் போடக் கூடாது என்கிறாள் என்று நினைத்தேன்.

அன்றைக்கு ராத்திரியே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் தங்கப் பல்காரியிடமும் சொன்னேன். கடைசி வீட்டைக் கை காட்டி, இடுப்பில் குழந்தை வைத்திருப்பது போல் நடித்து, கைகூப்பிக் காட்டினேன். அவள் சட்டென்று என் வாயைப் பொத்தினாள். கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு சர்க்கரைக் கட்டியை என் வாயில் திணித்து அனுப்பினாள்.

பத்து நாள் ஆகியிருக்காது. கடைசி வீட்டு வாசலில் ஜீப் நின்றது. ஃபிட்டர் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை என்னைக் கூப்பிட்டு, முழு ரொட்டி ஒன்றை அந்தப் பூ வேலைத் துண்டில் வைத்து, துண்டோடு சேர்த்துக் கொடுத்தாள். தங்கப் பல்காரி ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நீலிக்கண்ணீர் என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து அப்பா சொன்னார்.

"ஊருக்கே திருப்பி அனுப்புறாங்க, சாமி படம் வச்சிருந்தாங்களாம். அங்கல்லாம் அது குத்தமாம். போய் என்ன பாடு படப்போறாங்களோ."

காட்டிக்கொடுத்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவிடம் சொன்னது என் நினைப்பிலேயே வரவில்லை. அப்பா என்றால் வீடு. வெளியே சொன்னது ஒருத்தியிடம்தான்.

குடியிருப்புக்குப் பின்னால் ஒரு முந்திரி மரத்தடியில் அம்மாவும் எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலரும் சேர்ந்து ஒரு கல் நட்டு அம்மனாகக் கும்பிட்டு வந்தார்கள். கோழி திருடு போனால் அங்கே போய் அரைப்பார்கள். ஒரு கை மிளகாயை மடியில் மறைத்து எடுத்துப் போனேன். அங்கே கிடந்த அம்மியில் நானே அரைத்தேன். அவள் பேர் தெரியாது. அதனால் தங்கப் பல்லை நினைத்துக்கொண்டு அரைத்தேன். கை காந்தியது. கண் காந்தியது. எங்கே தொட்டாலும் காந்தியது. சந்தோஷமாக இருந்தது.

ஆடி பிறந்ததும் தங்கப் பல்காரிக்கு மஞ்சள் காமாலை. படுக்கையோடு வண்டியில் ஏற்றி மெட்ராசுக்குக் கொண்டுபோனார்கள். ஏற்றும்போது பார்த்தேன், முகமும் பல்லும் ஒரே நிறம். அன்று சாயந்திரம் இருட்டும் வரை மெஸ் வாசலில் பாண்டி ஆடினேன். அவள் திரும்பி வரவில்லை. பிழைத்தாளா என்றும் தெரியாது. கல்லைக் குளிர வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் போகவில்லை. இன்னும் எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு சுரங்கம் அகலமாகிக்கொண்டே வந்து அந்த முந்திரித் தோப்பை விழுங்கியது. மரமும் கல்லும் இருந்த இடம் இன்றைக்கு வெறும் பள்ளம்.

அப்பாவின் கடைசி வருஷத்தில் ஒருநாள் அந்தத் துண்டை வெயிலில் உலர்த்தியிருந்தேன். கட்டிலில் இருந்தபடியே பார்த்துவிட்டார்.

"அந்த ஃபிட்டரு சம்சாரம் குடுத்ததுதானே? தங்கமான மனுஷி. அப்பவே நான் அவங்க ஆபீஸருகிட்ட சொன்னேன்."

"எந்த ஆபீஸருப்பா?"

"அவங்க ஆளுதான், தமிழ் பேசுவாரே. வாரம் ஒருக்கா மெஸ்ஸுக்கு டீ குடிக்க வருவாரு. எல்லாரும் எப்படி இருக்காங்கன்னு விசாரிப்பாரு. நான் சொன்னேன், சார், உங்க கூட்டத்துலயே அந்த அம்மா ஒண்ணுதான் நல்லது, பீரோக்குள்ள சாமி வச்சு தினம் கும்பிடுதுன்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்தியான பெண் என்று நல்ல பேர் வாங்கிக்கொடுத்ததாக அவருக்கு அத்தனை வருஷமும் திருப்தி. அந்தப் பேச்சுக்கும் வாசலில் நின்ற ஜீப்புக்கும் அவர் முடிச்சே போட்டதில்லை. நான் துண்டை மடித்துக்கொண்டே இருந்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். சர்க்கரைக் கட்டியின் ருசி மட்டும் வாயில் வந்தது. என் வாயைப் பொத்தியவள், கதவுப் பக்கம் பார்த்தவள், கட்டிப்பிடித்து அழுதவள். அவள்மேலா நான் மிளகாய் அரைத்தேன்?

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். கோபம் அதோடு போய்விடவில்லை. இடம்தான் மாறியது. பீரோவுக்குள் சாமி வைத்துக் கும்பிடும்படி ஒருத்தியை ஆக்கி வைத்தவர்கள், டீ குடித்துக்கொண்டே காது கொடுத்தவன், மூன்று பிள்ளைகளைப் பட்டினி போட்டுத் தரையோடு அழுத்தியவர்கள். இவர்களுக்கு அரைக்க என்னிடம் பேரும் இல்லை, கல்லும் இல்லை.

மகளோடு இருக்கக் கடல் தாண்டி இங்கே வந்த பிறகு பின்தோட்டத்தில் கிடைத்த ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசிக் கும்பிட்டேன். தோட்டத்தில் அதெல்லாம் வைக்கக் கூடாது என்று டவுன்ஹவுஸ் அசோசியேஷன் லெட்டர் அனுப்பியது. அதனால் அம்மன் கராஜுக்கு வந்தாள். காருக்கும் ரீசைக்கிள் தொட்டிக்கும் நடுவில் இருக்கிறாள். பக்கத்தில் ஊரிலிருந்து பெட்டியில் தூக்கி வந்த என் சின்ன அம்மி.

சண்டை தொடங்கி டிவியில் காட்டியபோதுதான் உக்ரைன் ஜில்லா இல்லை, நாடு என்று எனக்கு உறைத்தது. வயிறு எரியப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் சேனலை மாற்றச் சொல்வாள். மாற்ற மாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் லைப்ரரியில் நடக்கும் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனேன். புதிதாக ஓர் அம்மாள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வயசு என்னை விட இரண்டு மூன்று குறைவாக இருக்கும். இடைவேளையில் அவள் போனில் பேசியதைக் கேட்டேன். தங்கப் பல்காரி வீட்டில் கேட்ட அதே ஓசை. ரஷ்யாக்காரி என்று முடிவு பண்ண எனக்கு அது போதும். அடுத்த வகுப்புக்கு முறுக்கு கொண்டுபோய் டீச்சருக்கு, சீனாக்காரருக்கு, மெக்சிகோப் பெண்ணுக்கு எல்லாருக்கும் கொடுத்தேன். அவள் முன்னால் டப்பாவை நீட்டி, அவள் கை எடுக்கும் முன் மூடி நகர்த்தினேன். சின்னத்தனம்தான். வேண்டுமென்றே செய்தேன்.

மற்றவர்கள் தின்று சிந்திய முறுக்குத் தூள் மேஜையில் கிடந்தது. அவள் விரல் நுனியை நாக்கில் தொட்டு, ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து வாயில் போட ஆரம்பித்தாள்.

டப்பாவை மறுபடி திறந்தேன்.

"யூ… ரஷ்யா?" என்று கேட்டேன்.

உள்ளங்கையை நிமிர்த்தி மெதுவாக ஆட்டினாள். "நோ. உக்ரைனா."

டப்பாவை அவள் மடியில் வைத்துவிட்டு அழுதேன். டீச்சர் ஓடி வந்து இரண்டு பேரிடமும் சாரி கேட்டாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நடுவில் போனை வைத்துப் பேசுவோம். அவள் சொல்வதைப் போன் ரேடியோச் செய்தி வாசிக்கிறவர் மாதிரித் தமிழில் சொல்லும். பிறந்ததிலிருந்து அவள் பேசியது ரஷ்ய மொழிதான், அவள் ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் வீட்டு மொழியாம். சண்டைக்குப் பிறகு அதை வீட்டில் பேசுவதில்லை. உக்ரைன் பேச்சில் ஒரு வார்த்தைக்குத் தடுமாறினால் அதற்காகத் தன்மேலேயே கோபப்படுவாள்.

அவள் கதை சின்னது. குண்டு விழுந்த முதல் வாரம், நிலவறையில் எல்லாரும் பசியோடு இருந்தார்கள் என்று அவள் வீட்டுக்காரர் ரொட்டி வாங்கப் போனார். வரிசையில் நின்ற இடத்தில் குண்டு விழுந்தது, அவர் அங்கேயே போய்விட்டார். எல்லைக்கு அந்தப் பக்கம், ரஷ்யாவில், அவள் கூடப்பிறந்த தம்பி இருக்கிறான். தாய் இல்லாத வீட்டில் இவள்தான் தூக்கி வளர்த்தவள். அவனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவன் சொன்னானாம், எங்க ஆளுங்க அப்படிச் செய்ய மாட்டாங்க, உங்க ஆளுங்களே போட்டுட்டு நாடகம் ஆடுறாங்க, நீயும் சேர்ந்து ஆடாதே என்று.

நான் அவளுக்கு அத்தையின் துண்டைக் காட்டினேன். அம்மனைக் காட்டினேன். மிளகாய் விஷயத்தையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் போனிடம் ஏதோ சொன்னாள். போன் சொன்னது, "எனக்கு மிளகாய் கொடுங்கள்."

பயமாகிவிட்டது. தங்கப் பல்காரியைப் பற்றி அப்போதுதான் முதல் தடவையாக ஓர் ஆளிடம் வாய்விட்டுச் சொன்னேன். தப்பான ஆளுக்கு அரைத்தவள் நான், குளிர வைக்கவும் இடமில்லாமல் நிற்கிறேன், நீ யோசித்துச் செய் என்றேன். அரைப்பதானால் சண்டையைத் தொடங்கிய அந்தத் தலைவன் பேரைச் சொல்லி அரை என்றும் சொன்னேன்.

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். போன் அந்தச் செய்தி வாசிக்கிற குரலில் சொன்னது, "அவருக்கு என்னைத் தெரியாது. என் தம்பிக்கு என்னைத் தெரியும்."

இதற்கு மேல் நான் என்ன யோசிக்கச் சொல்வது? ஒரு பிடி வரமிளகாயை எடுத்துக் கொடுத்தேன்.

"அம்மா, வீடெல்லாம் நெடி ஏறப்போகுது, நைபர்ஸ் கம்ப்ளெயின் பண்ணப்போறாங்க" என்றாள் மகள்.

"கராஜ் கதவைத் தூக்கி விடுடி. போலீஸ் வந்தா சட்னின்னு சொல்லிக்கலாம்."

அவளுக்கு அம்மி பிடிக்கத் தெரியவில்லை. குழவியைச் சப்பாத்திக் கட்டை மாதிரி உருட்டினாள். நான் கை வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. இருமிக்கொண்டே, மூக்கு ஒழுக, ஒரு மணி நேரம் அரைத்தாள். தம்பி பேரை வாய்விட்டே சொன்னாள், வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பேர் என்று பின்னால் தெரிந்தது. பூசி முடித்ததும் விதியைச் சொன்னேன். கேள்வி முடிந்ததும் நீ வந்து எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று. சரி என்றாள்.

அதிலிருந்து இரண்டு வருஷம். ஒவ்வொரு செவ்வாயும் வருவாள், கல்லைப் பார்ப்பாள், காபி குடிப்பாள், போவாள்.

போன மாதம்தான் உங்களுக்கெல்லாம் தெரிந்த அந்த விஷயம். தம்பியின் ஒரே மகனைப் படைக்கு எடுத்துப் போனார்களாம். ஐந்து மாதமாக அவனிடமிருந்து தகவல் இல்லை. இத்தனை நாள் பேசாத தம்பி அக்காவுக்குப் போன் போட்டு அழுதிருக்கிறான். இதைக் கேள்விப்பட்டுத்தான் பஜனையில் எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டீர்கள். "போதும் அக்கா, அந்தப் பையன் என்ன பாவம் பண்ணினான், ஊத்தச் சொல்லுங்க" என்றீர்கள்.

அந்தப் பையனுக்காக நானும் தினம் விளக்கேற்றுகிறேன். பொய் சொல்லவில்லை. அம்மன் யாரைக் கேட்கப் போய் யார் கையைப் பிடித்தாளோ என்று தங்கப் பல்காரியை நினைத்துத் தூங்காமல் கிடக்கிறேன். ஆனால் மன்னிக்கச் சொல்லும் வாய் எனக்கு இல்லை. ரொட்டி வாங்கப் போன மனுஷனை நாடகக்காரன் என்றவன் அவன். நானாக இருந்தாலும் ஊற்றியிருக்க மாட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். காபி வேண்டாம் என்றாள். நேரே கராஜுக்குப் போய்க் கல் முன்னால் குந்தி உட்கார்ந்து, எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தாள். நான் பக்கத்தில் தண்ணீர் வாளியோடு நின்றேன். பாட்டிலைச் சாய்க்கப் போனவள் அப்படியே கையை நிறுத்தினாள். எனக்கு ஒன்று கேட்கத் தோன்றியது. கேட்டிருக்க வேண்டாமோ என்று நீங்கள் சொல்லலாம். போனை எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்துக் கேட்டேன்.

"தம்பி அழுதானே, உன் வீட்டுக்காரரைப் பத்தி ஏதாவது கேட்டானா?"

போன் அவள் பேச்சில் அதைச் சொன்னது. அவள் கல்லைப் பார்த்தபடி இரண்டே வார்த்தை பேசினாள். போன் அதைத் தமிழாக்கியது.

"இல்லை. கேட்கவில்லை."

மூடியைத் திருகி இறுக்கினாள். பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தாள். நான் வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, காபி போட உள்ளே போனேன்.